ஐந்து அடுக்குக் கேக்கும் ஒரு டன் வண்டியும்

இரண்டாவது கேக்கும் விழுந்த அன்று கேக்காரர் அழவில்லை; கத்தவும் இல்லை. வண்டியின் பின்கதவைத் திறந்து பார்த்தார். நான்கு அடுக்காக ஏறிய கேக் ஒரே அடுக்காகப் படுத்திருந்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, கல்யாண வீட்டுக்காரருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். வீட்டுக்கு வந்ததும், அடுக்குகளுக்கு நடுவில் நிறுத்தும் குச்சிகள், வட்டப் பலகைகள், சுழல் மேசை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து ஒரு பெட்டியில் போட்டார். பெட்டியைப் பரணில் ஏற்றினார்.

அவர் அழுதிருந்தால்கூட அவருடைய மனைவி சும்மா இருந்திருப்பாள். அந்தப் பெட்டி பரணில் ஏறியதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

தெருவில் அவளை வெல்டர் அக்கா என்பார்கள். மருத்துவமனைக் கட்டில்கள் செய்யும் தொழிற்சாலையில் பதினான்கு வருட வேலை. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோது முப்பத்திரண்டு பேரில் அவள் ஒருத்திதான் பெண். முதல் மாதம் அவள் போட்ட ஒட்டு, கம்பளிப்பூச்சி செத்துக் கிடப்பதுபோல இருந்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இப்போது அவள் ஒட்டிய கட்டிலில் யார் வேண்டுமானாலும் ஏறிக் குதிக்கலாம். இடது புருவத்தில் பாதி கிடையாது, தீப்பொறி தின்றுவிட்டது. மையால் வரைந்துகொள்ளலாமே என்று யாராவது சொன்னால், "அரைப் புருவத்துக்கு அரை நிமிஷம் எதுக்கு?" என்பாள். அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை. எங்கே போனாலும் பாதி ஓட்டம்தான். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்வரை நிற்கப் பொறுமை இல்லாமல், ஜன்னல் கீலுக்கு எண்ணெய் போடுவாள்.

கேக்காரரை அவள் முதலில் பார்த்ததே ஓர் உடைந்த கீலின் புண்ணியத்தில்தான். அவர் அப்போது பன் கம்பெனியில் அடுப்புப் பிரிவில் இருந்தார். பெரிய அடுப்பின் கதவு கழன்று விழ, அதை ஒட்ட அவளை அனுப்பினார்கள்.

"இனிமே உடையாதுங்களா?" என்று அவர் கேட்டார்.

"நீங்க உடைஞ்சாலும் இது உடையாது," என்றாள்.

கீல் உடையவில்லை என்பதைத் தெரிவிக்கவே அடுத்த வாரம் ஒரு கேக்கோடு அவள் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார். அதற்கு அடுத்த வாரமும் வந்தார்.

பன் கம்பெனியில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் பன். எல்லாம் ஒன்றுபோல் ஒன்று. அவருக்கோ ஆசையெல்லாம் உயரத்தின் மேல். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே சர்க்கரைப் பூ வைத்து, பார்க்கிறவர்கள் அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒரு கேக். இரண்டு வருடத்துக்கு முன்பு வேலையை விட்டார். வீட்டின் முன்னறை கேக் அறையானது; சோபா படுக்கையறைக்குப் போனது; படுக்கையறையில் நடக்கிற இடம் போனது. கேக்கைக் கொண்டுபோக ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார்கள். ஒற்றை அடுக்கும் இரட்டை அடுக்கும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. மூன்று அடுக்கு விழுந்தது. இப்போது நான்கு.

அன்று சாயங்காலம் அவள் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, எந்த இடத்துல விழுந்துச்சு?"

"ரயில்வே கேட்டுல."

"போன தடவை?"

"அதே கேட்டுலதான். விடும்மா. பன் கம்பெனியில மறுபடி கூப்பிடுறாங்க. அஞ்சு அடுக்கு ஒண்ணு ஒத்துக்கிட்டேன் பாரு, அதை நாளைக்கே வேணாம்னு சொல்லிடுறேன்."

"அது என்னிக்கு?"

"மூணு வாரம் இருக்கு. சனிக்கிழமை காலையில."

"வேணாம்னு சொல்லாதீங்க."

"சொல்லாம? அதையும் கொண்டுபோய்க் கவுத்துட்டு வரவா?"

"கேக் மேல தப்பில்ல. உங்க மேலயும் தப்பில்ல. இருங்க, வர்றேன்."

ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தாள்.

முப்பது வயது வண்டி அது. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரும் இருக்கை, பின்னால் தகரக் கூண்டு. பின்சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கு மேல், பக்கத்துக்கு ஒன்றாக, இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய கட்டு. ஒவ்வொரு கட்டிலும் ஏழு பட்டைகள். ஒரு டன் மூட்டை ஏற்றினால் அந்தக் கட்டு வளைந்து கொடுக்கும். பள்ளத்தின் அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். நாற்பது கிலோ கேக்கை அது ஒரு சுமையாகவே மதிக்கவில்லை. வளையாமல் விறைத்து நின்று, தண்டவாளத்தின் அடியை அப்படியே மேலே அனுப்பியிருக்கிறது. பாவம், கேக் வாங்கிக்கொண்டது.

அவளுக்கு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. வேலை ஒன்று கண்ணில் பட்டால் அவளுக்கு அப்படித்தான்.

"பூனைக்குட்டியைத் தூக்கப் பயில்வானைக் கூப்பிட்ட மாதிரி இருக்குங்க!" என்று வண்டிக்கு அடியிலிருந்தே கத்தினாள். "பட்டையெல்லாம் தூக்கிடப் போறேன்!"

கேக்காரர் வாசலுக்கு ஓடிவந்தார். "பட்டை இல்லாட்டி வண்டி எதுல நிக்கும்?"

"காத்துல!"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கேக் டப்பாவின் மூடியைத் திருப்பிப் போட்டு அவள் படம் வரைந்து காட்டினாள். பட்டைகள் இருக்கும் இடத்தில் இரண்டு காற்றுப் பைகள். தடித்த ரப்பர் பை. உள்ளே காற்றை எவ்வளவு அடிக்கிறோமோ அந்த அளவுக்குத்தான் விறைப்பு. சுமை குறைவென்றால் காற்றும் குறைவு. ஆனால் பட்டை, சுமையைத் தாங்குவதோடு அச்சு முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்துக்கொள்ளும் வேலையையும் செய்தது. காற்றுப் பைக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. அதற்காக நான்கு இரும்புக் கைகள். ஒரு நுனி வண்டியின் முதுகெலும்பான சேஸில், மறு நுனி அச்சில். கீழே நேராக இரண்டு, மேலே சாய்வாக இரண்டு. கைகள் அச்சைப் பிடித்துக்கொள்ளும், பைகள் தாங்கும்.

"இதெல்லாம் யார் செய்யுறது?"

"யாரைக் கேக்குறீங்க? உங்க எதிர்ல உக்காந்திருக்கிறது யாரு?"

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் வண்டிப் பரிசோதனை நிலையத்தில் விசாரித்தாள். செய்து முடித்ததும் கொண்டுவரச் சொன்னார்கள். அடியில் இறங்கிப் பார்த்து, ஓட்டியும் பார்த்துத் திருப்தியானால்தான் கையெழுத்து, கையெழுத்து இல்லாமல் சாலையில் ஏறக்கூடாது. கல்யாணத்துக்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வாசலுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரை போட்ட சின்ன முற்றம். அதுதான் பட்டறை. முதல் சனிக்கிழமை கூண்டைக் கழற்றி இறக்கினார்கள். பட்டைகளைப் பிடித்திருந்த போல்டுகள் துருவேறி, ஸ்பானருக்கு அசையாமல் அடம்பிடித்தன. கேக்காரர் எண்ணெய் ஊற்றினார், தட்டினார், தொங்கினார்.

"நகருங்க," என்று இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்தாள். பொறி முற்றத்தின் சுவர்வரை பறந்தது. ஐந்தே நிமிடத்தில் முதல் கட்டு தரையில் விழ, வீடே ஒரு தடவை அதிர்ந்தது.

"அடுப்புல கேக் இருக்கும்மா! அமுங்கிடும்!" என்று உள்ளே ஓடினார் அவர்.

பழைய சொகுசு வேன் ஒன்றிலிருந்து கழற்றிய காற்றுப் பைகள் பழைய வண்டி உடைப்புக் கடையில் கிடைத்தன. சோப்பு நீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு குமிழிகூட இல்லை. கைகளின் நுனியில் வரும் வளையங்களையும் அதற்குள் போகும் ரப்பர் புஷ்களையும் கடைந்து தர லேத் கடைக்காரரிடம் போனாள். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நீ கட்டில் ஒட்டுற கை. வண்டிக்கு ஒட்டு போடுறது சரியா வருமா?"

"அண்ணே, நான் செய்யுற கட்டில்ல படுக்கிறவங்க காலொடிஞ்சவங்க, ஆபரேஷன் ஆனவங்க. அவங்களை விடவா இந்த வண்டி செல்லம்?"

லேத் கடைக்காரர் சிரித்துவிட்டார். "வியாழக்கிழமை வந்து வாங்கிக்க. சொன்ன அளவுல மயிரிழை பிசகாது."

"பிசகினா எனக்குத் தெரியும்ணே."

"தெரியும்னுதான் சொல்றேன்."

அந்த இரண்டு வாரமும் அவள் காலில் சக்கரம் கட்டியதுபோல் ஓடினாள். தொழிற்சாலையில் கட்டிலை ஒட்டும்போதுகூட மனசு முற்றத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே வண்டிக்கு அடியில் போய்விடுவாள். கேக்காரர் காப்பியைத் தரையோடு தள்ளிவிடுவார். ஒரு கை மட்டும் வெளியே நீண்டு டம்ளரை இழுத்துக்கொள்ளும். வெற்று டம்ளர் திரும்பி வரும்.

கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை முக்கியமான நாள். அன்றுதான் கீழ்க் கைகளுக்கு அளவு எடுக்க வேண்டும். கூண்டும் கேக்கும் ஏறியபின் வண்டி எந்த உயரத்தில் நிற்குமோ, அந்த உயரத்தில் நிற்கும்போதே அளந்தால்தான் கைகள் சரியாக உட்காரும். கூண்டைத் திரும்ப ஏற்றினால் உள்ளே கை நுழையாது. கூண்டுக்குப் பதில் வேறு ஏதாவது எடை வேண்டும். அவள் தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பி கைப்பேசிக் கடை வைத்திருந்தான். நல்லவன், வாயாடி, தொண்ணூற்றெட்டு கிலோ.

"அக்கா, விருந்துன்னு நினைச்சுல்ல வந்தேன்!"

"விருந்து அப்புறம். முதல்ல மேல ஏறு. கூண்டும் கேக்கும் சேர்த்து நூத்தம்பது கிலோ. நீ தொண்ணூத்தெட்டு. மிச்சத்துக்கு மாவு மூட்டை ரெண்டு, அம்பது."

"ரெண்டு கிலோ குறையுதேக்கா."

"மாமா செஞ்ச கேக் ரெண்டு துண்டு சாப்பிடு. சரியாயிடும்."

காற்றுப் பைகளில் அளவாகக் காற்று அடித்து, சேஸ் மேல் பலகை போட்டு, அதன்மேல் ஒரு நாற்காலி போட்டு, இரண்டு பக்கமும் மாவு மூட்டையோடு தம்பி உட்கார்ந்தான். கையில் கேக் தட்டு. ராஜா மாதிரி இருந்தான். முன்சக்கரம், பின்சக்கரம் எல்லாவற்றுக்கும் கட்டை கொடுத்துவிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அவள் அடியில் புகுந்தாள். பஞ்சு இல்லாமல் அவள் கிரைண்டரைத் தொடமாட்டாள்.

இடப்பக்கம் அளந்தாள். அறுநூற்று ஐந்து மில்லிமீட்டர். குழாயை வெட்டி, வளையங்களை வைத்துத் தற்காலிகமாகப் புள்ளி ஒட்டு போட்டு, போல்டு மாட்டினாள். கச்சிதம். வலப்பக்கம் புரண்டாள். நடுவில் வண்டி லேசாக அசைந்தது; தம்பி நாற்காலியில் நெளிகிறான் என்று நினைத்தாள். அளந்தாள். அறுநூற்றுப் பதினான்கு.

ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு நொடி அவள் கை நின்றது. ஆனால் கட்டில் தொழிற்சாலையில் அவள் கற்றுக்கொண்ட முதல் விதி, நினைத்ததை நம்பாதே, டேப் காட்டுவதை நம்பு என்பது. முப்பது வயது வண்டி. எங்கே எப்போது இடித்ததோ, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்று என்ன நிச்சயம்? இருக்கிறதை இருக்கிறபடி அளந்து செய்வதுதான் நேர்மை என்று முடிவு செய்தாள். அறுநூற்றுப் பதினான்குக்கு வெட்டினாள். அவள் வெளியே வந்தபோது தம்பி நாற்காலியில் ராஜா மாதிரியே இருந்தான். தட்டு மட்டும் காலியாக இருந்தது.

மேல் கைகள், குலுக்கலை அடக்கும் ஷாக்குகள், முழு ஒட்டு, பெயிண்ட், கூண்டு எல்லாம் புதன்கிழமைக்குள் முடிந்தன. வியாழக்கிழமை அவள் விடுப்புப் போட்டாள். வேலைக்காகக் காற்றை இறக்கி வைத்திருந்த பைகளை, விடிந்ததும் காலால் மிதிக்கும் பம்பைக் கொண்டு மறுபடி நிரப்பினாள். வண்டியின் பின்பக்கம், தூங்கி எழும் யானை மாதிரி, மெல்ல மெல்ல எழுந்தது. அவள் பின்னால் ஏறி நின்று ஒரு குதி குதித்தாள். முன்பென்றால் பாறையில் குதித்ததுபோல் முழங்கால் வலிக்கும். இப்போது வண்டி பஞ்சு மெத்தைபோல் இறங்கி, மூச்சுவிட்டு, எழுந்து, அப்படியே நின்றுவிட்டது.

"ஏங்க! சீக்கிரம் வாங்க! ஏறிக் குதிங்க!"

கேக்காரர் கை நிறைய மாவோடு ஓடிவந்து குதித்தார். இன்னொரு தடவை குதித்தார். மூன்றாம் தடவை, கேட்காமலே குதித்தார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியின் வாலில் நின்று குதிப்பதை எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே பார்த்தார். துலக்குவதை மறந்து பார்த்தார்.

வீட்டுக்குப் பின்னால் பழைய கிடங்கு ஒன்றின் நீளமான காலி இடம் இருந்தது. அங்கே ஓட்டிப் பார்த்தார்கள். உடைந்த செங்கல் மேல் ஏற்றினாள், வண்டி கண்டுகொள்ளவில்லை. பள்ளத்தில் இறக்கினாள், பள்ளம் இருந்ததே தெரியவில்லை. அவள் வாய் காதுவரை போனது. கேக்காரரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை போய் வந்தார். மூன்றாவது தடவை அவர் முகம் சுருங்கியது.

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா..."

"என்ன ஆனா?"

"கையை விட்டா இடப்பக்கமே போகுது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிச்சுப் பிடிச்சாத்தான் நேராப் போகுது. எனக்கென்னமோ வண்டி கொஞ்சம் குறுக்கா நடக்குற மாதிரி தெரியுது."

"குறுக்கா நடக்க இதென்ன நண்டா?" என்றாள். ஆனால் அவளுக்கும் அது கையில் தெரிந்திருந்தது. சந்தோஷத்தில் தெரியாத மாதிரி இருந்துவிட்டாள். நாளைக்குக் காலை பத்து மணிக்குப் பரிசோதனை. ஓட்டிப் பார்ப்பார்கள். முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எப்படிப் பார்ப்பது என்று அவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது, கேக்காரர் வீட்டுக்குப் போய்ச் சல்லடையோடு திரும்பி வந்தார். கிடங்கின் சிமெண்டுத் தரையில் பத்தடி நீளத்துக்கு மாவை மெல்லிசாகச் சலித்தார். கேக் மேல் சர்க்கரைத் தூள் தூவும் அதே கை; எங்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"ஒரு பக்கத்துச் சக்கரம் இது மேல போற மாதிரி நேரா ஓட்டு. முன்சக்கரம், பின்சக்கரம் ரெண்டு தடமும் தெரிஞ்சுடும்."

ஓட்டினாள். இறங்கி வந்து குனிந்தாள். முன்சக்கரம் போன தடத்தின் மேலேயே பின்சக்கரத் தடம் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஒரு கட்டைவிரல் அகலம் வலப்பக்கம் தள்ளி, தனியாகப் போயிருந்தது. வெள்ளை மாவில் அது அவ்வளவு தெளிவாக இருந்தது, மறுக்க வழியே இல்லை.

இரண்டு பக்கமும் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு டேப் பிடித்தார்கள். வலப்பக்கம் நீளம். வலப்பக்க இரும்புக் கைதான் சக்கரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒன்பது மில்லிமீட்டர். அவளுக்குத் திடீரென்று வண்டி அசைந்த அந்த நொடி ஞாபகம் வந்தது. போனை எடுத்தாள்.

"டேய், ஞாயித்துக்கிழமை நாற்காலியை விட்டு இறங்குனியா?"

"இல்லக்கா."

"டேய்."

"ஒரே ஒரு தடவைக்கா. கடையில இருந்து போன். சிக்னல் கிடைக்கலைன்னு வாசல்வரைக்கும் போனேன். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேனே!"

"என் காதுல பஞ்சுடா!"

"அது எனக்கு எப்படிக்கா தெரியும்? நீ 'ம்'னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

தொண்ணூற்றெட்டு கிலோ இறங்கியதும் வண்டி எழும்பியிருக்கிறது. சேஸ் மேலே போக, கையின் சாய்வு கூடி, நீளமும் கூடியிருக்கிறது. டேப் பொய் சொல்லவில்லை. அவள்தான் யார் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை.

கேக்காரர் சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "விடும்மா. கல்யாண வீட்டுக்கு இன்னைக்கே சொல்லிட்டா, அவங்களாவது வேற இடம் பாத்துப்பாங்க." சொல்லிவிட்டுப் போனை எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டார்.

அவள் அந்தக் கையைப் பிடித்தாள். "எனக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுங்க. ஆறு மணி. அதுக்கு மேல நீங்க யாருக்கு வேணா போன் போடுங்க."

அவர் மணியைப் பார்த்தார். பதினொன்றரை. பையிலிருந்து கையை வெறுமனே எடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த முற்றத்தில் நடந்தது போர்தான். ஒட்டிய கையை வெட்டிச் சுருக்கி மறுபடி ஒட்டுவதை அவள் ஏற்கவில்லை. அச்சைப் பிடிக்கிற கை ஒரே குழாயாக இருக்க வேண்டும். லேத் கடைக்கு ஓடினாள். இரண்டு வளையங்கள் உடனே வேண்டும் என்றதும் லேத் கடைக்காரர், மிஷினில் ஏற்றியிருந்த வேறு வேலையைக் கழற்றி வைத்தார்.

"அளவு பிசகிடுச்சா?"

"உங்க அளவு இல்லண்ணே. என் தம்பி."

"தம்பியையும் கடைஞ்சு தரவா? கொஞ்சம் குறைக்கலாம்."

கடையை அடைத்துவிட்டு வந்த தம்பியைக் கூண்டு இறக்கிய வண்டியில் ஏற்றி, நாற்காலியோடு சேர்த்து இடுப்பில் பெல்ட் போட்டு இறுக்கினாள். அவனுடைய இரண்டு போனையும் வாங்கிக் கேக்காரரிடம் கொடுத்தாள்.

"அக்கா, பாத்ரூம் வந்தா?"

"அளந்து முடிச்சதும் வரச் சொல்லு."

இந்தத் தடவை காதில் பஞ்சு வைக்குமுன், "இருக்கியா?" என்று கேட்டாள். "இருக்கேன்க்கா." டேப்பை வைத்தாள். "இன்னும் இருக்கியா?" "பெல்ட்டு போட்டுட்டு இப்படிக் கேக்குறியே, எங்க போவேன்?" டேப்பில் அறுநூற்று ஐந்து. இடப்பக்கம் எவ்வளவோ அதே. மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் அறுநூற்று ஐந்துதான்.

குழாயை வெட்டினாள். வளையங்களை வைத்து, முகமூடியை இறக்கினாள். நெருப்பு எரியும்போது மட்டும்தான் அவள் அவசரப்பட மாட்டாள். வீடே அடங்கியதுபோல் இருக்கும், கை மட்டும் நகரும். ஒட்டு, மீன் செதில் அடுக்கியதுபோல் ஒரே சீராக விழுந்தது. ஆறியதும் போல்டு எந்த முரண்டும் இல்லாமல் உள்ளே போனது. கூண்டை ஏற்றினார்கள். ஐந்தே முக்காலுக்குக் கேக்காரர் கிடங்குத் தரையில் இன்னொரு பத்தடி மாவு சலித்தார். ஓட்டினாள்.

மூன்று பேரும் குனிந்தார்கள். மாவில் ஒரே ஒரு தடம்தான் இருந்தது.

தம்பி விசில் அடித்தான். அவள் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். கேக்காரர் வீட்டுக்குள் போனார். ஸ்டூலைப் போட்டுப் பரணில் கை விடுகிற சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை பரிசோதகர் வண்டிக்கு அடியில் இருபது நிமிடம் இருந்தார். ஒவ்வொரு ஒட்டையும் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்டார். பிறகு ஓட்டிப் பார்த்தார். கையை விட்டும் பார்த்தார். "யார் செஞ்சது?" என்று கேக்காரரைப் பார்த்துக் கேட்டார். கேக்காரர் பக்கத்தில் கை காட்டினார். பரிசோதகர் அவளைப் பார்த்தார், அரைப் புருவத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை ஐந்து அடுக்கும் கூண்டுக்குள் ஏறியது. மேல் அடுக்கிலிருந்து கீழ்வரை சர்க்கரையில் செய்த வெள்ளைக் கொடி. ஒவ்வொரு இலையும் மூச்சு விட்டால் உடையும் மெல்லிசு. அவர் ஓட்ட, தம்பி பக்கத்தில் உட்கார, அவள் மட்டும் கூண்டுக்குள் கேக்குக்கு எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டினால் போகலாம் என்று பேச்சு. கூண்டுக் கூரையில் சின்ன விளக்கு. அவளும் கேக்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள்.

தெருமுனைப் பள்ளத்தில் கேக் அசையவில்லை. கடைவீதியின் வேகத்தடையில் ஓர் இலை நடுங்கியது, அவ்வளவுதான். பிறகு வண்டி மெதுவானது. வெளியே மணி அடிக்கும் சத்தம். ரயில்வே கேட். ரயில் போய், கேட் தூக்கி, முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறியது அவளுக்குத் தரை வழியாகத் தெரிந்தது. இரண்டு கையையும் கேக்கின் இரு பக்கமும், தொடாமல், ஓர் அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

பின்சக்கரம் ஏறியது. இறங்கியது. மறு தண்டவாளம். ஏறியது. இறங்கியது.

ஐந்து அடுக்கும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு பெரிய மனிதர் சரி என்று தலையாட்டுவதுபோல், மெல்ல ஒரு தடவை ஆடி, அப்படியே நின்றது. ஒரு கீறல் இல்லை. கொடியில் ஓர் இலைகூட உதிரவில்லை.

அவள் இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டினாள், ஆனால் இரண்டோடு நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தாள். முன்னால் கேக்காரர் கேக் விழுந்துவிட்டதென்றே நினைத்தார். கேட்டைத் தாண்டி ஓரமாக வண்டியைப் போட்டுவிட்டு, இறங்கி ஓடிவந்து பின்கதவைத் திறந்தார்.

"என்னாச்சு? விழுந்துச்சா?"

"ஒண்ணும் ஆகலை! ஒண்ணுமே ஆகலைங்க!"

அவர் கேக்கைப் பார்த்தார். கீழ் அடுக்கிலிருந்து மேல் அடுக்குவரை, பிறகு மேலிருந்து கீழ்வரை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நீள மூச்சு விட்டார்.

"ஒண்ணும் ஆகலைன்னா எதுக்குத் தட்டுன?"

"சும்மா தட்டுனேன். கை நிக்கல."

முன்னாலிருந்து தம்பி, "மாமா, ஹாரன் அடிக்கிறாங்க, வாங்க!" என்று கத்தினான். கேக்காரர் நகரவில்லை. பன் கம்பெனிக்குத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும் என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது கேக்கின் உச்சிக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "ஏழு அடுக்குன்னா இதுக்குள்ள நிக்குமா?"

அவள் ஏற்கெனவே டேப்பை இழுத்துவிட்டிருந்தாள்.

"நிக்காது. தலை இடிக்கும்," என்றாள். உள்ளங்கை அரித்தது. "கூரையை வெட்டி ஒரு அடி தூக்கிடலாம். அடுத்த சனிக்கிழமை ஏதும் வேலை இருக்கா உங்களுக்கு?"